தகட்டில் பொறித்த பெயரும் தோளில் சுமந்த பெயரும்

வார தியானம்
வேதபகுதி: யாத்திராகமம் 28:9–12, 36–38

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கு,



நமது ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை நெருங்கி வருகிறது. கூரையைப் புதுப்பிக்கும் பணியும் கர்த்தருடைய கிருபையால் நிறைவுற்றது. இந்நிலையில், சென்ற வாரம் கூடிய சபைக்குழுவில் ஒரு தீர்மானம் முன்வைக்கப்பட்டது. ஆலய முகப்பின் வலப்புறச் சுவரில் நான்கடி உயரமும் மூன்றடி அகலமும் கொண்ட பித்தளைப் பலகை ஒன்றைப் பதிக்க வேண்டும். கூரைப் பணிக்கு ஒரு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் கொடுத்தவர்களுடைய பெயர்களைப் பெரிய எழுத்தில் மேலேயும், ஐம்பதாயிரம் கொடுத்தவர்களுடைய பெயர்களை அதற்குக் கீழேயும், பத்தாயிரம் கொடுத்தவர்களுடைய பெயர்களைச் சிறிய எழுத்தில் அடியிலும் பொறிக்க வேண்டும். பத்தாயிரத்துக்குக் குறைவாகக் கொடுத்த அனைவருக்கும் சேர்த்து "மற்றும் சபையார்" என்று ஒரு வரி போதும் என்பதே அத்தீர்மானம். விழாவுக்கு வரும் விருந்தினர் இருபது பேருக்கு நினைவுக் கேடயங்கள் வழங்குவதும் அதில் அடங்கும்.

நான் அதை ஏற்கவில்லை. தீர்மானம் இன்னும் முடிவாகவில்லை. வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைக்கூட்டத்தில் உங்கள் முன் வைக்கப்படும். அக்கூட்டத்தின் பத்து நிமிடங்களில் சொல்லி முடியாத காரணங்களை இங்கே எழுதுகிறேன். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்கள் கூரைக்காக வெயிலில் நின்று உழைத்தவர்கள். அவர்களுடைய நன்றியுணர்வை நான் மதிக்கிறேன். அந்த நன்றி தகடாக மாறுவதையே எதிர்க்கிறேன்.

பிறரைக் குறைகூறுமுன் என் குறையை அறிக்கையிட வேண்டும். நான் ஊழியத்தில் பெற்ற கேடயங்கள் பல. கடைசியாக ஆயர் இல்லம் மாறியபோது அவை இரண்டு கோணிப்பைகளை நிரப்பின. அவற்றில் இரண்டில் ஆண்டு ஒன்றைத் தவிர மற்ற வாசகம் முழுவதும் ஒன்றே. எங்கே, எதற்காக எனக்கு அளிக்கப்பட்டன என்று பலவற்றைப் பற்றிச் சொல்ல என்னால் இயலவில்லை. ஆயினும் அவை கையில் கொடுக்கப்பட்டபோது நான் புன்னகைத்துப் படத்துக்கு நின்றேன். நான் ஊழியம் செய்த ஆலயங்களின் சுவர்களில் உள்ள தகடுகளிலும் பேராயர் பெயருக்கு அடுத்தபடி பெரிய எழுத்தில் இருப்பது ஆயராகிய என் பெயர்தான். கொடுத்தவர்களுக்காவது கொடுத்தது என்று ஒரு காரணம் உண்டு; எங்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே இந்தக் கண்டனம் முதலில் எனக்கே உரியது.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு சபையில் புதிய மண்டபத்தைத் திறந்தோம். "தேவனுடைய மகிமைக்கென்று" எனத் தொடங்கும் அழகிய பித்தளைத் தகடு ஒன்று பதிக்கப்பட்டது. ஐந்து மாதங்களுக்குப் பின் ஒரு மாலையில் அதை வெட்டிய தொழிலாளி என் வாசலில் வந்து நின்றார். பாதித் தொகை இன்னும் அவருக்குக் கிடைக்கவில்லை. பொருளாளரிடம் மூன்று முறை நடந்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர். "சாமி பேரு வெட்டின தகடுங்க ஐயா. அதுக்குக் காசு கேக்கறதுக்கே கூச்சமா இருக்குதுங்க" என்றார். அன்றிரவே பணம் கொடுக்கப்பட்டது. ஆனால் அந்த ஐந்து மாதங்களும் ஒவ்வொரு ஞாயிறும் அத்தகட்டைக் கடந்தே நான் பிரசங்க பீடத்துக்குச் சென்றேன். வேலைக்காரருக்குக் கொடாமல் நிறுத்திவைத்த கூலி கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதியது (யாக்கோபு 5:4) என் சபையின் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் கேட்கவில்லை.

சென்ற வாரக் கூட்டத்துக்குப் பின், விலை விசாரிக்க அல்ல, தொழிலை அறிந்துகொள்ளவே சேலத்தில் ஒரு பட்டறைக்குச் சென்றேன். உலோகம் நம் மாவட்டங்களுக்குப் புதிதன்று. செவ்வாய்ப்பேட்டையும் சுற்றுப்புறங்களும் வெள்ளிக் கொலுசுக்குப் பேர்பெற்றவை. சேலம் உருக்காலையின் துருப்பிடிக்காத எஃகுத் தகடு 1980-களின் தொடக்கத்திலிருந்து நாடெங்கும் சென்றுகொண்டிருக்கிறது. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளில், வண்டியின் நெற்றியில் பதிக்கும் பெயர்ப்பலகை வரை எல்லாவற்றையும் அழகுபடுத்தத் தெரிந்த கைகள் உண்டு. நாம் கேடயம் வாங்கும் சிறு பட்டறைகளும் இந்த உலோக உலகத்தைச் சேர்ந்தவையே.

அப்பட்டறையின் பெரியவர் சிறு வயதில் பாத்திரக்கடை வாசலில் அமர்ந்து பெயர் வெட்டத் தொடங்கியவர். அக்காலத்தில் எழுத்தைத் தகட்டில் வரைந்துகொண்டு, சிற்றுளியை வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டி வெட்டுவார்களாம். ஓர் எழுத்துத் தவறினால் தகடே வீண். இப்போது அவருடைய மகன் கணினியில் எழுத்தை அமைக்கிறார். எழுத்தும் வெற்றிடமும் பிரியும்படி மையைப் பித்தளையின் மேல் அச்சிட்டு, பெர்ரிக் குளோரைடு கரைசலில் தகட்டை இடுகிறார்கள். மை மூடாத இடத்தை அக்கரைசல் அரித்துப் பள்ளமாக்கும். பின் கழுவி, பள்ளத்தில் கறுப்பு வண்ணம் நிரப்பி, மேற்பரப்பை மெருகேற்றி, மங்காதிருக்க மேற்பூச்சுப் பூசுகிறார்கள். எஃகில் எழுத்தைத் தனித்தனியே வெட்டியெடுக்க லேசர் இயந்திரம் வந்துவிட்டது. பெரியவருடைய விரல்நுனிகள் அக்கரைசலால் பழுப்பேறி இருந்தன.

பட்டறையின் மூலையில் பழைய கேடயங்கள் குவிந்து கிடந்தன. எடைக்கு வாங்கியவையாம். ஒட்டியிருக்கும் தகட்டைப் பெயர்த்து வேறு தகட்டை ஒட்டினால் அடுத்த விழாவில் அது வேறொருவருக்குப் புதுக் கேடயம். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். "என்றும் நினைவில்" என்ற எழுத்துகளின் கீழ் பெயர் இருந்த இடத்தில் பசையின் தடம் மட்டுமே மீந்திருந்தது.

நான் நம் பலகையைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் கேட்டுவிட்டு, "ஏனுங்க ஐயா, பாத்திரத்துல பேரு வெட்டுனா காணாமப் போனாக் கண்டுபிடிக்கலாம். கோயில்ல குடுத்துட்ட காசுக்கு எதுக்குங்க பேரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இறையியல் கல்லூரியில் நான் கற்ற விடை எதுவும் உதவவில்லை. திருமண வீட்டிலும் பந்தி நடக்கும் இடத்திலும் பல வீட்டுப் பாத்திரங்கள் கலந்துவிடும். அண்டாவும் குத்துவிளக்கும் உடையவரிடம் திரும்பிவர வேண்டும் என்பதற்காகவே அவற்றில் பெயர் வெட்டுகிறோம். திரும்பிவர வேண்டிய பொருளில் பெயர் இருப்பது நியாயம். கர்த்தருக்கென்று கொடுத்ததில் பெயர் வெட்டுவது, "இது இன்னும் என்னுடையதே" என்று சொல்வதாகாதா?

பிரியமானவர்களே, வேதாகமம் பெயர் பொறிப்பதை வெறுக்கிறதென்று நான் சொல்லவில்லை. நாம் வாசித்த பகுதியில் கர்த்தரே அதற்குக் கட்டளையிடுகிறார். யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் என்னும் மனிதன் தேவ ஆவியினால் நிரப்பப்படுகிறான். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும் கற்களை வெட்டவும் அந்த ஆவியே அவனுக்கு ஞானம் அளிக்கிறார். ஆகவே உளி பிடிக்கும் கை பரிசுத்தமான பணிக்குரிய கை. எது பொறிக்கப்பட்டது, எதற்காக, எங்கே என்பதே நாம் கேட்க வேண்டியது.

முதலாவது, ஆரோனுடைய ஏபோத்தின் தோள்களில் இரண்டு கோமேதகக் கற்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆறு பெயர்களாக இஸ்ரவேலின் பன்னிரண்டு குமாரருடைய பெயர்கள் முத்திரை வெட்டுவதுபோல் வெட்டப்பட்டன. வரிசை எப்படி என்று கவனியுங்கள்: அவர்கள் பிறந்த ஒழுங்கின்படி (28:10). அதிகம் கொடுத்த கோத்திரம் மேலே, குறைவாகக் கொடுத்தது கீழே என்றில்லை. பெரிய யூதாவுக்கும் சிறிய பென்யமீனுக்கும் ஒரே வகைக் கல், ஒரே வகை எழுத்து. "மற்றும் கோத்திரத்தார்" என்று ஒருவரும் விடப்படவில்லை. அப்பெயர்கள் மக்கள் நின்று பார்க்கும் வாசலில் பதிக்கப்படவுமில்லை. ஆசாரியன் அவற்றைத் தோளில் சுமந்து கர்த்தருடைய சந்நிதிக்குள் பிரவேசித்தான். பார்ப்பவர் ஆண்டவர், சுமப்பவர் ஆசாரியர். பெயர் அங்கே பாராட்டுக்காக இல்லை, மன்றாட்டுக்காக இருந்தது.

இரண்டாவது, ஆரோனுடைய நெற்றியில் நீலநாடாவால் கட்டப்பட்ட பொற்தகடு. அதில் மனிதப் பெயர் எதுவும் இல்லை. கர்த்தருக்கென்று வேறுபிரிக்கப்பட்டது என்னும் பொருள்தரும் வாசகம் மட்டுமே பொறிக்கப்பட்டது. அதன் நோக்கத்தை 38-ஆம் வசனம் சொல்கிறது: இஸ்ரவேலர் படைக்கும் பரிசுத்த காணிக்கைகளோடு சேர்ந்து வரும் அக்கிரமத்தை ஆரோன் சுமக்க வேண்டும் என்பதற்காகவே அத்தகடு. இதைச் சற்று நின்று தியானியுங்கள். நம் பாவங்களில் மட்டுமல்ல, நம் காணிக்கைகளிலும் பாவம் உண்டு. கொடுக்கும் கையிலேயே பெருமை ஒட்டிக்கொள்கிறது. அதற்கும் ஒருவர் பரிந்து நிற்க வேண்டியிருந்தது. காணிக்கையின் குற்றத்தைச் சுமக்கக் கர்த்தர் ஒரு தகட்டை வெட்டச் சொன்னார். காணிக்கையின் பெருமையைச் சுமக்க நாம் ஒரு தகட்டை வெட்டப் போகிறோம்.

மூன்றாவது, எண்ணாகமம் 16-ஆம் அதிகாரத்தில் இன்னும் சில தகடுகள் உண்டு. கோராகோடு சேர்ந்து தமக்குரியதல்லாத மேன்மையைத் தேடிய இருநூற்றைம்பது பேருடைய தூபகலசங்கள், அவர்கள் மாண்டபின், தட்டையான தகடுகளாக அடிக்கப்பட்டுப் பலிபீடத்தை மூடின. அவையும் நினைவுச்சின்னங்களே! தூபங்காட்ட வருகிற ஒவ்வொருவருக்கும் அவை எச்சரிப்பாய் இருந்தன. கர்த்தருடைய வீட்டில் மின்னும் உலோகமெல்லாம் புகழாகாது.

இதற்கு மறுமொழியாகச் சகோதரர் ஒருவர் எண்ணாகமம் 7-ஆம் அதிகாரத்தை எனக்குக் காட்டினார். அங்கே பிரபுக்களின் பெயரும் அவர்கள் கொடுத்த வெள்ளித்தட்டின் நிறையும் எழுதப்பட்டுள்ளனவே என்றார். நல்ல கேள்வி. வாசித்துப் பாருங்கள்: பன்னிரண்டு பிரபுக்களும் கொடுத்தது ஒன்றே, தட்டின் நிறை பன்னிருவருக்கும் நூற்றுமுப்பது சேக்கலே. ஒருமுறை எழுதி, "மற்றவர்களும் அப்படியே" என்று முடித்திருக்கலாம். வேதம் அதைப் பன்னிரண்டு முறையும் முழுமையாக எழுதுகிறது. ஒருவர் மற்றவரைவிட உயராதபடி எழுதப்பட்ட பட்டியல் அது. நெகேமியா 3-ஆம் அதிகாரமும் பெயர்ப்பட்டியலே. ஆனால் அங்கே எழுதப்பட்டவர்கள் அலங்கத்தைக் கட்டியவர்கள்: தட்டார், பரிமளத் தைலக்காரர், தன் குமாரத்திகளோடு கட்டிய ஒரு பிரபு. வேலைக்குக் கழுத்துக் கொடாத பெரியோரும் அதே பட்டியலில் இருக்கிறார்கள், வெட்கத்துக்கு அடையாளமாக. அப்படியொரு பலகையை வைக்க நாம் துணிவோமா?

"நம் முன்னோரும் பொறித்தார்களே" என்பது அடுத்த வாதம். ஆம், பொறித்தார்கள். ஆனால் என்ன பொறித்தார்கள்? கேரளத்துக் கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளிக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் கி.பி. 849-இல் அளித்த செப்பேடுகள் நம் தென்னகத் திருச்சபையின் பழைமையான ஆவணங்களுள் ஒன்று. வட்டெழுத்தில் வெட்டப்பட்ட அவற்றில் அந்தத் திருச்சபைக்கும் அதைச் சார்ந்த குடிகளுக்கும் உரிய நிலமும் உரிமையும் காவலும் எழுதப்பட்டன. சாட்சிகள் அரபு, பாரசீக, எபிரெய எழுத்துகளில் கையொப்பமிட்டார்கள். செம்பில் வெட்டியதற்குக் காரணம் அந்தக் கடமை அழியக்கூடாது என்பதே. பின்வரும் தலைமுறை எளியவருடைய உரிமையைப் பறிக்கக்கூடாது. அரசர்களின் செப்பேடுகளில் புகழ்ச்சியும் நிறைய உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் திருவாலங்காட்டுச் செப்பேடு போன்றவற்றின் முடிவில் அரசனின் புகழோடு, அதை வெட்டிய கைவினைஞரின் பெயரும் இடம்பெறுகிறது. நம் பலகையில் அதை வெட்டப்போகிறவருக்கு ஒரு வரி உண்டா?

சென்னைப் பரங்கிமலைக்குச் சென்றவர்கள் அங்குள்ள கற்சிலுவையைக் கண்டிருப்பீர்கள். 1547-இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்தது அது. அதன் விளிம்பைச் சுற்றிப் மத்திய பாரசீகமாகிய பகலவி மொழியில் ஒரு வரி ஓடுகிறது. அதை வாசிப்பதில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. பலரும் ஏற்ற ஒரு வாசிப்பின்படி, அச்சிலுவையை வெட்டிய மனிதன் தன் பெயரைச் சொல்லித் தன்மேல் இரங்கும்படி கிறிஸ்துவை வேண்டுகிறான். எவ்வளவு செலவாயிற்று, யார் கொடுத்தார், யார் தலைமையில் திறக்கப்பட்டது என்பவை அங்கே இல்லை. உளி பிடித்தவனின் மன்றாட்டு மட்டும் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

நம் சொந்த மண்ணுக்கே வருவோம். 1827-இல் இலண்டன் மிஷனெரி சங்கம் சேலத்தில் ஊழியத்தைத் தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கு வாழ்ந்த லெக்லர் ஐயர் நம் மக்களுக்காகக் கைத்தொழிற்பள்ளி நடத்தினார். கைவேலை இழிவென்று எண்ணிய சமுதாயத்தில் அதைச் சுவிசேஷத்தின் அருகில் அமர்த்தினார். அவருடைய நினைவாக ஓர் ஆலயம் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அப்பெயரைத் தாங்கும் ஊரில் உள்ள நாம் ஒரு தொழிலாளியைக் கூலிக்காக மூன்று முறை நடக்கவைக்கலாமா?

நாமக்கல்லுக்கு மேற்பட்ட கொல்லிமலையை நினையுங்கள். ஜெசி பிராண்டும் அவர் மனைவி எவலினும் அங்கே ஊழியம் செய்தார்கள். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்த மருத்துவர் பால் பிராண்ட் 1914-இல் அவர்களுக்குப் பிறந்தவர். ஜெசி 1929-இல் காய்ச்சலால் மரித்தார். எவலின் அம்மையார் முதிர்வயதிலும் மலைகளிலேயே தங்கி ஊழியம் செய்து 1974-இல் நித்திரையடைந்தார். தம் வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம்பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று அவருடைய மகன் எழுதியிருக்கிறார்.

இதை வாசித்தபோது யாத்திராகமம் 38:8 எனக்கு நினைவுக்கு வந்தது. ஆசரிப்புக் கூடாரத்து வாசலில் ஊழியம் செய்த ஸ்திரீகள் தங்கள் வெண்கலக் கண்ணாடிகளைக் கொடுத்தார்கள். அவற்றை உருக்கியே ஆசாரியர் கைகால் கழுவும் தொட்டி செய்யப்பட்டது. முகம் பார்த்த உலோகம் அழுக்கு நீக்கும் பாத்திரமாயிற்று. அப்பெண்களில் ஒருவருடைய பெயரும் எழுதப்படவில்லை. மெருகேற்றிய பித்தளையும் கண்ணாடியே. ஆலய வாசலில் நாம் வைக்கவிருப்பது தொட்டியா, கண்ணாடியா?

"பெயர் போடாவிட்டால் இனி யார் கொடுப்பார்கள்?" என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தியை நினைவூட்டுகிறேன். கூரைக்கான பணம் முழுவதும் வந்து சேர்ந்தபோது பலகை என்ற பேச்சே எழவில்லை. பெயர் வரும் என்று அறியாமலேயே நீங்கள் கொடுத்தீர்கள். அந்தத் தூய காணிக்கைக்கு இப்போது ஏன் பின்தேதியிட்டு விலை வைக்க வேண்டும்? மேலும், வாரந்தோறும் ஐம்பது ரூபாயை மடித்து உறையிலிட்ட சகோதரிகள் நம்மிடையே உண்டு. தறியிலும் கோழிப்பண்ணையிலும் வேலை செய்து கொண்டுவந்த பணம் அது. அவர்களை "மற்றும் சபையார்" என்று எழுதி, அதே வாசல் வழியாக உள்ளே வரச் சொல்லி, கர்த்தருடைய பந்தியில் எல்லாரும் ஒன்று என்று நான் எப்படிச் சொல்வேன்? ஏழை விதவையின் இரண்டு காசுகளை ஆண்டவர் கண்டு சொன்னார். நம் பலகையில் அவளுக்கு இடமே இல்லை.

"கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டாமா?" என்றும் கேட்கிறார்கள். கண்டிப்பாக இருக்க வேண்டும். கொடுத்த ஒவ்வொருவருக்கும் ரசீது கொடுக்கப்பட்டுள்ளது. வரவு செலவு முழுவதையும் தணிக்கை செய்து, அச்சிட்டு, சபைக்கூட்டத்தில் வாசித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். கணக்குக்குக் காகிதமே போதும்.

"அப்படியானால் அத்தொழிலாளியின் பிழைப்பு?" இக்கேள்வியைக் கேட்டவர் ஓர் இளைஞர். அவரைப் பாராட்டுகிறேன். இதற்கான என் விடையே இக்கட்டுரையின் நோக்கம்.

கடந்த நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் நாம் கூடியதை நினைவுகூருங்கள். பளிங்குக் கல்லறைகளில் பூவும் மெழுகுவர்த்தியும் நிறைந்திருந்தன. தென்மூலையில் நம் சபையைச் சேர்ந்த ஒரு தாய், கையில் ஒரே மெழுகுவர்த்தியோடு நின்றுகொண்டிருந்தார். தன் மகனை அடக்கம்பண்ணிய இடத்தில் நட்ட மரச்சிலுவை மழையில் உளுத்து விழுந்துவிட்டது. அருகருகே மூன்று மண்மேடுகள். எதன்மேல் ஏற்றுவதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் மூன்றுக்கும் நடுவே தரையில் ஏற்றிவைத்துவிட்டுச் சென்றார். நான் அருகில் நின்றேன். சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. அடக்கப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அம்மூலையில் அடையாளமே இல்லாத கல்லறைகள் பல உள்ளன. ஆனால் பதிவேட்டில் ஒவ்வொன்றின் வரிசையும் எண்ணும் பெயரும் உண்டு. அவை யாருடையவை என்று கண்டறிய இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

ஆகவே வரும் ஞாயிறு நான் உங்கள் முன் வைக்கும் மாற்றுத் தீர்மானம் இது. நன்கொடையாளர் பலகை வேண்டாம். விருந்தினருக்குக் கேடயம் வேண்டாம். அன்பான உபசரிப்பும் ஜெபமும் போதும். கூரை புதுப்பிக்கப்பட்ட ஆண்டைக் குறிக்க ஒரு சாண் தகடு போதும். அதில் பேராயர், ஆயர், செயலர், பொருளாளர் எவருடைய பெயரும் வேண்டாம், முதலில் என் பெயர் வேண்டாம். கொடுத்த எல்லாருடைய பெயர்களையும் தொகையின்றி ஒரு நோட்டில் எழுதி, பிரதிஷ்டை ஆராதனையின் பரிந்துரை ஜெபத்தில் நான் உரக்க வாசிப்பேன். எத்தனை நிமிடம் ஆனாலும் ஆகட்டும். தோளில் சுமப்பது ஆயரின் வேலை.

பலகைக்கும் கேடயங்களுக்கும் ஒதுக்கவிருந்த பணத்தைக் கொண்டு அதே பட்டறையில், துருப்பிடிக்காத எஃகில் உள்ளங்கை அளவுத் தகடுகள் செய்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, மரித்த ஆண்டு. வண்ணம் உதிர்ந்தாலும் எழுத்து நிலைக்கும்படி ஆழமாக வெட்டச் சொல்வோம். சிறு சிமெண்டுக் கல்லில் பதித்து, அடையாளமற்ற கல்லறை ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் வாலிபர் சங்கத்தார் நட்டுவைக்கட்டும். பாத்திரத்தில் ஏன் பெயர் வெட்டுகிறோம் என்று அப்பெரியவர் சொன்னது இங்கே முழுமையாகப் பொருந்தும். தேடிவருகிறவர்கள் கண்டுகொள்ள வேண்டும். உயிர்த்தெழுதலின் நாளில் உடையவர் தம்முடையவர்களைச் சேர்த்துக்கொள்வார் என்னும் நம்பிக்கைக்கும் அது அடையாளமாகும். கூலியை வேலை முடிந்த அன்றே கொடுப்போம். கணக்குத் தீராத எந்தத் தகட்டையும் நான் அர்ப்பணம் செய்யமாட்டேன்.

சபையார் இதை மறுத்துப் பலகையையே தீர்மானித்தால் அதற்குக் கீழ்ப்படிவேன்; ஆனால் என் பெயரை அதில் பொறிக்க இசையமாட்டேன்.

தம் ஜனத்தைத் தம்முடைய உள்ளங்கைகளில் வரைந்திருப்பதாகக் கர்த்தர் ஏசாயா 49-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். அந்தக் கைகளை நாம் பின்பு கல்வாரியில் கண்டோம். அங்கே நம் பெயர் உண்டென்றால் ஆலயச் சுவரில் இல்லாமற்போவதால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ஜெபிப்போம்:

அன்பின் ஆண்டவரே, நாங்கள் கொடுத்தவை உம்முடைய கரத்திலிருந்து பெற்றவையே. எங்கள் காணிக்கையில் ஒட்டியுள்ள பெருமையை மன்னியும். நாங்கள் கூலி தராமல் காக்கவைத்தவர்களுக்கு முன்பாக எங்களைத் தாழ்த்தும். உளியும் இயந்திரமும் பிடிக்கிற கைகளை ஆசீர்வதியும். எங்களால் மறக்கப்பட்டு, உம்மால் மறக்கப்படாத மரித்தோரை நினைவுகூர எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் பிரதான ஆசாரியராகிய இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் அனைவரும் கூட்டத்துக்குத் தங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஐம்பது ரூபாய் கொடுத்தவர்கள் அவசியம் வாருங்கள். முதலில் உங்கள் சொல்லைக் கேட்க விரும்புகிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்